இடியன் துவக்கின் குறியைச் சரிசெய்வது: அரம் கடைசியில்தான்

சனிக்கிழமை இரவு ஏழரை மணியளவில், உப்புவெளியில் நாங்கள் புட்டுக்கு உட்காரும் நேரம் பார்த்து, என் கைத்தொலைபேசிக்கு ஓட்டை விழுந்த இலக்கு மட்டைகளின் படங்கள் வரத் தொடங்கும். அனுப்புவது அக்காவின் மகன். ஒன்ராறியோவில் அப்போது காலை பத்து மணி. சுடுகளத்தில் மேசையை விட்டு எழும்பாமலே அழைப்பான்.

"மாமா, எல்லாம் இடப்பக்கமே போகுது. பின்குறியைத் தட்டட்டா?"

"எத்தனை வெடி வைச்சனி?"

"மூண்டு."

"தட்டாதை. இன்னும் ரெண்டு வை. பிறகு படம் அனுப்பு."

இந்தக் கோடையில் அவன் வாங்கியது சிக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் ஒரு நீள்துவக்கு. வாய்வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் கோலால் இடித்து இறக்குவதால் எங்கள் பக்கத்தில் இந்த வகைக்கு இடியன் என்றுதான் பெயர். நான் 22 வருடம் அந்த நாட்டில் இருந்தபோது அதைத்தான் வாரக்கடைசிகளில் சுட்டேன். அதற்கு முன் திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் பிற்றர் வேலை, அதாவது இயந்திரப் பாகங்களை அராவிப் பொருத்துவது. அரம் பிடித்த கை என்பதால் இந்தத் துவக்கின் குறியைச் சரிசெய்வது எனக்குச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. அவனுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கனடாவில் கல்லால் வெடிக்கும் பழைய நீள்துவக்கின் நகலை உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம். கேப் என்னும் சின்ன வெடிமூடி வைத்து வெடிக்கும் நகலுக்கு உரிமம் வேண்டும். இலங்கையில் கதை வேறு. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி உரிமம் இல்லாத எந்தத் துவக்கையும் வைத்திருக்க முடியாது. காட்டோரத்தில் யாரோ அடித்துக் கொடுத்த குழாயை வைத்து இதைப் பழகிப் பார்க்க வேண்டாம். அந்தக் குழாய் வெடித்து விரல் போன மனிதர்களை எனக்குத் தெரியும். நான் எழுதுவது முறையான சுடுகளத்தில், முறையான துவக்கோடு நிற்பவர்களுக்கு.

சரி, குறி என்றால் என்ன? திருக்கடலூர்ப் படகுக்காரர்களோடு கடலுக்குப் போனவர்களுக்கு இது விளங்கும். மீன் நிற்கும் பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை, திரும்பக் கண்டுபிடிக்கக் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே கோட்டில் பிடிப்பார்கள்: கிட்ட ஒன்று, எட்ட ஒன்று. கோணேசர் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு மேடும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால் படகு சரியான கோட்டில் நிற்கிறது. இரண்டும் கொஞ்சம் பிரிந்து தெரிந்தால் படகு பாரை விட்டு வெகுதூரம் விலகிவிட்டது என்று அர்த்தம். துவக்கிலும் அதேதான். கண்ணுக்குக் கிட்டப் பள்ளம் வெட்டிய பின்குறி, குழாய் நுனியில் மெல்லிய தகடாக முன்குறி. அங்கே கொஞ்சம் பிசகினாலும் இலக்கில் பல மடங்கு பிசகும்.

எவ்வளவு என்று கணக்காகவே சொல்லலாம். மருமகனின் துவக்கில் குழாய் 42 அங்குலம். இரண்டு குறிகளுக்கும் இடையே 76 சென்ரிமீற்றர். 50 யார் என்பது ஏறக்குறைய 46 மீற்றர். ஒன்றை மற்றதால் வகுத்தால் 60 வரும். அதாவது குறியில் 1 மில்லிமீற்றர் நகர்த்தினால் 50 யாரில் குண்டு 6 சென்ரிமீற்றர் நகரும், 25 யாரில் 3 சென்ரிமீற்றர். உங்கள் துவக்கில் இடைவெளியை நாடாவால் அளந்து இதே கணக்கைப் போட்டு, மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஊகத்துக்கு வேலையே இல்லை.

ஆனால் குறியைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. எல்லோரும் அவசரப்படும் இடமும் இதுதான்.

கல்லிலிருந்து தொடங்குங்கள். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று இடிகோலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெறுங்குழாயில் கோல் எவ்வளவு இறங்குகிறது என்று அதில் ஒரு கோடு கீறுங்கள். மருந்தும் குண்டும் சரியாக இறங்கிய பிறகு எங்கே நிற்கிறது என்று இரண்டாவது கோடு. இந்த இரண்டு கோடும் உங்கள் உயிருக்குக் காவல். குண்டு மருந்தோடு ஒட்டி உட்காராமல் நடுவழியில் நின்றால் குழாய் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

விசையை இழுத்தால் சுத்தியல் மாதிரிப் பாய்ந்து அடிக்கும் பாகத்துக்குக் குதிரை என்று பெயர். கல்லைத் தோல்துண்டில் சுற்றிக் குதிரையின் வாயில் இறுக்குங்கள். குதிரை பாதி இழுபட்டு அரைக் குதிரையில் நிற்கும்போது கல்லின் கூர்விளிம்பு எதிரே இருக்கும் உருக்குத் தகட்டைத் தொட்டும் தொடாமலும், இடமிருந்து வலம் வரை ஒரே அளவு இடைவெளியோடு நிற்க வேண்டும். ஒரு பக்கம் முட்டி மறுபக்கம் விலகி நின்றால் தீப்பொறி பாதிதான் வரும். மருந்து போடாமல் விசையை இழுத்து, பொறி குழாய்க்கு வெளியே பற்றவைக்கும் மருந்து போடும் சின்னக் கிண்ணிக்குள் விழுகிறதா என்று நிழலான இடத்தில் வைத்துப் பாருங்கள். கொழுத்த மஞ்சள் பொறிகள் கிண்ணிக்குள் கொட்ட வேண்டும். சிவந்த சின்னப் பொறிகள் இரண்டு மூன்று பறந்தால் கல் மழுங்கிவிட்டது. குழாயின் பக்கத்தில் இருக்கும் தீத்துளையைக் கம்பி ஊசியால் குத்திச் சுத்தமாக்குங்கள்.

இவ்வளவும் குறிக்கு எதற்கு என்று மருமகனும் கேட்டான். விசையை இழுத்து, பொறி விழுந்து, கிண்ணி மருந்து பற்றி, துளைவழி நெருப்பு உள்ளே போய், குண்டு கிளம்பும் வரைக்கும் நீங்கள் அசையாமல் நிற்க வேண்டும். குதிரையும் தகடும் கிண்ணியும் சேர்ந்த இந்த அமைப்புக்குப் பூட்டு என்று பெயர். நல்ல பூட்டில் அந்த நேரம் காதுக்கே தெரியாது, ஒரே வெடியாகத்தான் கேட்கும். கெட்ட பூட்டில் "சிஸ்... டம்" என்று இழுக்கும். அந்த இழுவைக்குள் கன்னத்துக்குப் பக்கத்தில் எழும் நெருப்பைக் கண்டு தலை தானாகப் பின்வாங்கிவிடும். அந்த வெடியை வைத்துக் குறியைத் தட்டினால் உங்கள் பயத்துக்கு ஏற்றபடிதான் துவக்கைச் சரிசெய்திருப்பீர்கள். மருமகனின் இடப்பக்கப் பிசகில் பாதி அதுதான். கல்லுக்குப் பதிலாக அதே அளவில் ஒரு மரத்துண்டைக் குதிரை வாயில் இறுக்கி, வீட்டில் வெறுந்துவக்கோடு ஒரு கிழமை பழகச் சொன்னேன். விசையை இழுத்த பிறகும் மூன்று எண்ணும்வரை முன்குறியையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை குண்டுகள் கூட்டமாக விழத் தொடங்கின.

சுடுகளத்தில் மேசையில் உட்கார்ந்து சுடுங்கள். மணல்மூட்டையில் மரப்பகுதியை வையுங்கள், இரும்புக் குழாயை வைக்காதீர்கள். நின்று சுடும்போது இடக்கை பிடிக்கும் அதே இடம் மூட்டையில் இருக்கட்டும். ஒரு வெடிக்கு முன்னுக்கும் அடுத்த வெடிக்குப் பின்னுக்கும் இருந்தால் துவக்கு வேறு வேறு மாதிரித் துள்ளும், குண்டும் இடம் மாறும். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். உங்கள் வலப்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, தீத்துளையிலிருந்து நெருப்பு அந்தப் பக்கம்தான் சீறும்.

மருந்து என்றால் கறுப்பு மருந்து மட்டும். புகையில்லா மருந்தை இதில் போட்டால் குழாய் கையில் பிளக்கும். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேரே குழாய்க்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சம் இருந்தால் கொம்பு முழுவதும் கையில் வெடிக்கும். அளவுக்குழாயில் எடுத்துத்தான் ஊற்ற வேண்டும். மருமகனின் துவக்கு அரை அங்குலக் குழாய், உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் புரி வெட்டியது. 0.490 அங்குல ஈயக் குண்டு, அதைச் சுற்றி இறக்க 0.015 அங்குலத் தடிப்பில் பருத்தித் துணி, 60 கிரெயின் மருந்து என்று தொடங்கினோம். உங்கள் துவக்குக்கு எவ்வளவு என்பதைச் செய்தவர் கொடுத்த தாளில் பாருங்கள், அதைத் தாண்ட வேண்டாம். துணிக்குத் தேன்மெழுகும் எண்ணெயும் உருக்கிச் சேர்த்த பசை. இயந்திர எண்ணெய் வேண்டாம், கறுப்பு மருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டும். கிண்ணி மருந்து எப்போதும் கடைசி, குழாய் இலக்கை நோக்கி இருக்கும்போது மட்டும். அதுவும் கொஞ்சம்தான், துளையை அடைக்காத அளவுக்கு. வெடிக்காவிட்டால் துவக்கை இலக்கை நோக்கியபடியே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள். எட்டிப் பார்க்கவே கூடாது.

கறுப்பு மருந்து எரிந்தால் பாதிக்கும் மேல் சாம்பலும் கரியுமாக மிஞ்சும். அது குழாய்ச் சுவரில் படிந்தால் அடுத்த குண்டு இறுக்கமாக இறங்கும், அடுத்தது இன்னும் இறுக்கம், வெடியும் மாறும். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. முதல் வெடியைக் கணக்கில் எடுக்காதீர்கள், எண்ணெய் பூசி வைத்திருந்த குழாயிலிருந்து போகும் முதல் குண்டு தன் பாட்டுக்குப் போகும்.

25 யாரில் ஐந்து குண்டு. மட்டையில் நடுவில் கறுப்பு வட்டம், ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குக் குறி. குண்டு எங்கே போகிறது என்று கவலைப்பட வேண்டாம், ஒன்றோடு ஒன்று நெருங்கி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். சிதறி விழுந்தால் குறியில் கை வைக்கக் காரணமே இல்லை. சிதறலுக்கு எந்தப் பக்கம் தட்டுவது?

சிதறினால் துணியைத் தேடுங்கள். சுட்ட துணிகள் மேசைக்கு முன்னால் சில யார் தூரத்தில் புல்லில் கிடக்கும். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். துவக்கு உள்ளே என்ன நடந்தது என்று அந்தத் துணி சொல்லும். குண்டு உட்கார்ந்த நடுவட்டம் கரி பிடித்து, ஓரம் நார் நாராகப் பிரிந்து, நூல் அறாமல் முழுசாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெல்லியது அல்லது பசை போதாது. குண்டைச் சுற்றி வட்டமாகக் கத்தியால் வெட்டினமாதிரி இருந்தால் குழாய் வாயின் விளிம்போ புரியின் விளிம்போ கூர். மெல்லிய மணற்கடதாசியைப் பெருவிரலால் அழுத்திச் சுழற்றி வாயை மழுக்கலாம். மருமகன் ஒருநாள் அனுப்பிய படத்தில் ஐந்து துணியில் மூன்று நடுவில் ஓட்டை. 0.018 அங்குலத் துணிக்கு மாறினான். உள்ளங்கை அகலத்துக்குச் சிதறியது தேநீர்க் கோப்பை வாய்க்குள் அடங்கியது. குறியை யாரும் தொடவில்லை.

பிறகு மருந்தை 5 கிரெயின் 5 கிரெயினாக மாற்றிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். துணியும் மருந்தும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று ஒருநாளும் தெரியாது. அவனுடைய துவக்குக்கு 70 கிரெயினில், அதாவது ஏறக்குறைய 4.5 கிராமில், கூட்டம் மிகச் சிறியதாக வந்தது. அதோடு நிறுத்தினோம்.

வெயிலையும் கவனியுங்கள். முன்குறி பித்தளையோ வெள்ளியோ என்றால் வெயில் படும் பக்கம் மின்னும். கண் அந்த மின்னும் ஓரத்தைத்தான் முன்குறி என்று எடுத்துப் பள்ளத்தின் நடுவில் வைக்கும். அப்போது குழாய் மறுபக்கம் திரும்பி, குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும். காலையில் ஒரு பக்கமும் பின்னேரத்தில் மறுபக்கமும் அடிக்கிறது என்று சொல்பவர்களின் துவக்கில் பெரும்பாலும் பழுது இல்லை. மெழுகுதிரிப் புகையில் முன்குறியைக் கறுப்பாக்குங்கள், மின்னல் போய்விடும். துவக்கில் மருந்து இல்லாதபோது, மருந்துப் பக்கத்திலிருந்து விலகிப் போய்ச் செய்ய வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை என்றாலும் சொல்கிறேன்.

இனி 50 யார். ஐந்து குண்டு, திரும்ப ஐந்து, வேறொரு நாளில் இன்னும் ஐந்து. மூன்று கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் அதுதான் துவக்கு சொல்லும் உண்மை. மருமகனின் மட்டையில் கூட்டத்தின் நடு, வட்டத்துக்கு 9 சென்ரிமீற்றர் இடமும் 12 சென்ரிமீற்றர் கீழும் நின்றது.

இடம் வலம் முதலில். பின்குறியைக் குண்டு போக வேண்டிய பக்கத்துக்கு நகர்த்துங்கள். இடப்பக்கம் அடித்தால் பின்குறி வலத்துக்கு. முன்குறியை நகர்த்துவதாக இருந்தால் இதற்கு நேர் எதிர். 9ஐ 6ஆல் வகுத்தால் ஒன்றரை மில்லிமீற்றர். தச்சர் புறாவால் என்று சொல்லும் வெட்டில்தான் பின்குறி இறுகி நிற்கும். குறியின் அடியிலிருந்து குழாய் மேலே ஊசியால் ஒரே நேராக ஒரு மெல்லிய கோடு கீறிக்கொண்டால் எவ்வளவு நகர்ந்தது என்று கண்ணால் பார்க்கலாம். குழாயைத் தோல் வைத்து இடுக்கியில் பிடித்து, பித்தளைத் துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். உருக்குத் துண்டு வேண்டாம், குறி நசுங்கும். ஒரு தட்டு, ஒரு பார்வை.

மேல் கீழ் வேறு வேலை. இவ்வகைத் துவக்கில் பெரும்பாலும் திருகாணி கிடையாது. முன்குறியை வேண்டுமென்றே உயரமாக வைத்து அனுப்புவார்கள், புதுத் துவக்கு கீழே அடிப்பது அதனால்தான். முன்குறியை அராவிக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். அராவிய பித்தளையைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால்தான் இதைக் கடைசிக்கு வைத்தேன்.

எனக்கு நடந்தது இது. முதல் துவக்கு வாங்கிய மாதம், 25 யாரில் மூன்றே மூன்று வெடி, 50 கிரெயின் மருந்து, எண்ணெய் முழுதும் துடைக்காத குழாய். மூன்றும் 8 சென்ரிமீற்றர் கீழே. கணக்குச் சரியாகத்தான் போட்டேன், அன்றே இரண்டரை மில்லிமீற்றருக்கு மேல் அராவினேன். பட்டறையில் எத்தனையோ தண்டுகளை நூலளவுக்கு அராவிய கைதானே என்ற எண்ணம். பிறகு தடித்த துணிக்கு மாறி, மருந்தை 70 ஆக்கியதும் துவக்கு அருமையாகக் கூட்டம் போட்டது, வட்டத்துக்கு ஒரு சாண் மேலே. கீழே குறிபார்த்துச் சுட்டுக்கொண்டே அந்த வருடம் முழுவதும் ஓட்டினேன். கடைசியில் பித்தளைத் தகட்டில் உயரமான புது முன்குறி அறுத்து, அடியை ஒட்ட அராவிப் பொருத்த ஒன்றரை நாள் போனது. அந்தப் பழைய முன்குறியை இன்னும் வைத்திருக்கிறேன். மருமகனுக்கு அதைத்தான் முதலில் படம் பிடித்து அனுப்பினேன்.

அவன் மட்டையில் 12 சென்ரிமீற்றர் கீழே. அதில் இரண்டரையை மிச்சம் விடச் சொன்னேன். மீதி ஒன்பதரை, 6ஆல் வகுத்தால் 1.6 மில்லிமீற்றர். அதையும் ஒரேயடியாக அல்ல. குழாய் நுனியில் மின்நாடா இரண்டு சுற்று ஒட்டுங்கள், அரம் வழுக்கினாலும் குழாயில் கீறல் விழாது. மெல்லிய பற்கள் உள்ள சின்னத் தட்டையரம், பற்களில் சுண்ணக்கட்டி தேய்த்தால் பித்தளைத் தூள் அடைக்காது. அரத்தை முன்னுக்குத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்குங்கள். வேணியர் அளவியால் உயரத்தை அளந்து, பத்து இழுப்பு அராவி, திரும்ப அளந்தால் உங்கள் அரமும் உங்கள் கையும் பத்து இழுப்புக்கு எவ்வளவு எடுக்கின்றன என்று தெரியும். அதற்குப் பிறகு இழுப்பை எண்ணினாலே போதும். மேல்விளிம்பு கண்ணை நோக்கிச் சரியாமல், தட்டையாக, ஓரம் கூராக நிற்கட்டும். உருண்டுபோன விளிம்பில் வெயில் விளையாடும். நாலில் ஒரு பங்கு அராவி ஐந்து குண்டு, திரும்ப நாலில் ஒரு பங்கு, திரும்ப ஐந்து குண்டு. அவனுக்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தது.

மிச்சம் விட்ட இரண்டரை சென்ரிமீற்றருக்குக் காரணம் இருக்கிறது. புதுக்குழாயில் புரி விளிம்புகள் நூறு இருநூறு வெடிக்குப் பிறகுதான் வழவழப்பாகும். அதற்குள் உங்கள் கையும் பழகும், துணியை மாற்றுவீர்கள், மருந்தை ஐந்து கிரெயின் கூட்டுவீர்கள். எல்லாம் அடங்கிய பிறகு கடைசி நாலைந்து இழுப்பை இழுங்கள். கடைசிக் கூட்டத்தை மேசையில் இல்லாமல் நின்றபடி சுட்டுப் பாருங்கள். மேசையில் ஓரிடமும் நின்றால் ஓரிடமும் விழுந்தால், நீங்கள் எப்படிச் சுடப் போகிறீர்களோ அதற்கே குறியை வையுங்கள்.

1795இல் ஆங்கிலேயர் இங்கே கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்தபோது அவர்களின் சிப்பாய்கள் தூக்கி வந்ததும் கல்லால் வெடிக்கும் துவக்குதான். அந்தத் துவக்கில் புரியும் இல்லை, பின்குறியும் இல்லை. துவக்கு நுனியில் ஈட்டி மாட்டும் சின்னக் கட்டையைத்தான் முன்குறியாக வைத்துக் கூட்டமாகச் சுட்டார்கள். கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் நடந்து போகும்போதெல்லாம் அந்த ஞாபகம் வரும். புரி வெட்டிய குழாயும் இரண்டு குறியும் இருக்கிற நாங்கள் அதற்கு மரியாதை கொடுத்துப் பொறுமையாகச் செய்ய வேண்டும் என்றும் தோன்றும்.

சுட்ட அன்றே குழாயைக் கழுவ மறக்காதீர்கள். வெந்நீரும் சவர்க்காரமும் போதும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் பூசுங்கள். கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், விட்டால் ஒரு இரவிலேயே துருப்பிடிக்கும். பிறகு ஒரு சின்ன அட்டையில் எழுதுங்கள்: குண்டு 0.490, துணி 0.018, மருந்து 70, 50 யார், வட்டத்தின் நடு. துவக்கின் பிடியில் துணி வைக்கும் மூடிபோட்ட குழி இருந்தால் அந்த அட்டையை அதற்குள் வையுங்கள். முன்குறி அராவப்பட்டது இந்த அளவுக்குத்தான். வேறு துணி வாங்கினாலோ வேறு மருந்து வாங்கினாலோ, அரத்தை எடுக்காமல் 25 யாரில் ஐந்து குண்டிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.